கியர் பெட்டியும் இரண்டாம் கல்யாணமும்

என் கணவர் மனம் உருகிப் பேசி நான் கேட்டது ஒரு கியர் பெட்டியைப் பற்றி மட்டும்தான். அரசாங்க உத்தியோகம் தந்த மிதப்பில், ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடம் வாங்கிய பழைய கார். எங்கள் அக்ரஹாரத்து வீட்டு வாசலில், நான் போட்ட கோலத்தின் மேல் தினமும் எண்ணெய் ஒழுகவிட்டு நிற்கும்.

பெட்டியைச் சரிசெய்வதா, பம்பாயிலிருந்து வேறு வரவழைப்பதா என்று வீட்டில் ஒரே விவாதம். அதே கூடத்தில் இன்னொரு விவாதமும் நடந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. அவருக்கு வேறு பெண் பார்ப்பதா என்பது அது. இரண்டுக்கும் நான்தான் காபி கலந்து கொடுத்தேன்.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திடுங்க ஸ்வாமி, பழசோட எதுக்கு மாரடிக்கணும்?" என்றான்.

அவருக்கு வந்ததே கோபம்! "பிரிச்சே பாக்காம மாத்துன்னா எப்படிப்பா? என்ன கோளாறுன்னு முதல்ல பாரு. மாத்தறதெல்லாம் அப்புறம்."

அந்த வாயிலிருந்து இவ்வளவு நியாயம் வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் மாமியாரிடம் போய், "என்னையும் ஒரு தடவை லேடி டாக்டர்கிட்டே காட்டக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"சும்மனே இரு. குடும்பத்துப் பொண்ணு ஆஸ்பத்திரியிலே போய்ப் படுப்பாளா? பெங்களூர்லே பொண்ணு பாத்தாச்சு," என்றார். கூடத்தில் இருந்த அவர் எழுந்து, காரைப் பார்க்க வாசலுக்குப் போனார்.

கியர் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு தோல் வளையம் நைந்திருந்தது, அவ்வளவுதான். புதிதாக வெட்டிப் போட்டதும் ஒழுகல் நின்றது. அந்தக் காரில்தான் புதுப்பெண் வந்து இறங்கினாள். மூத்தவள் ஆரத்தி எடுத்தால்தான் இளையவளுக்குத் திருஷ்டி படாதாம். தட்டை என் கையில் திணித்தார்கள். எடுத்தேன். அவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. "ஒரு சொட்டு இல்லே, பாத்தியா?" என்று என்னிடமே பெருமையடித்துக்கொண்டார். ஆரத்தியைத் தட்டோடு அவர் மூஞ்சியில் விசிறியிருக்க வேண்டும்.

வருஷங்கள் போயின. அவளுக்கும் குழந்தை இல்லை. எனக்குச் சொன்னதையெல்லாம் மாமியார் ஒரு வார்த்தை குறையாமல் அவளுக்கும் சொன்னார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

ஆனால் அவள் என்னைப் போல ஊமை இல்லை. ஒருநாள் மாமியார் முன்னால் வந்து நின்று, "எங்க ரெண்டு பேருக்குமே இல்லேன்னா, கோளாறு உங்க பிள்ளைகிட்டேதானே இருக்கணும்? அவரைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ," என்று கேட்டேவிட்டாள். மாமியார் அவள் கன்னத்தில் அறைந்தார்.

அவர் வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து, சமையல் ஆயிற்றா என்று கேட்டார். அடுத்த வாரம் மூன்றாவது பெண்ணின் ஜாதகம் வந்தது.