தனசேகரன் இறந்ததற்கு ஒரு சான்று

தன் புருஷன் செத்துப்போனதை அந்த ஒரு வருஷத்தில் பச்சையம்மாள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கச்சிராயபாளையத்தைச் சுற்றி அதை அறியாதவர் இல்லை. எல்லாரும் வந்து கருமாதிச் சோறு தின்றுவிட்டுப் போனவர்கள்தான். சர்க்காருக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தனசேகரன் செத்தது மலையில். உழவுக்கு ஒரு ஜோடி மாடு பார்த்து வருகிறேன் என்று வெள்ளிமலைப் பக்கம் போனவர், மாட்டுக்காரரான வேடியப்பன் வீட்டில் தங்கினார். காலையில் கூழ் குடிக்க உட்கார்ந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். முன்பின் பழக்கமில்லாத அந்த வேடியப்பன்தான் ஒரு ஜீப்பைப் பிடித்து, உடம்பைத் தன் மடியில் கிடத்திக்கொண்டு மலை இறங்கி வந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் கோமுகி ஆற்றோரம் எரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் வி.ஏ.ஓ.விடம் போய்ப் பதிய வேண்டும் என்று யாருக்கு ஞாபகம் வரும்?

கரும்பு வளர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஆலையில் கரும்புப் பதிவு தனசேகரன் பேரில் இருந்தது. கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லும் வெட்டு உத்தரவும் அவர் பேருக்குத்தான் வரும், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பேர மாத்துறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எறப்பு சர்ட்டிபிகேட்டு கொண்டாந்து குடு, அன்னைக்கே மாத்திடறேன்" என்றார் கரும்பு ஆபீசர்.

ஒரு காகிதம்தானே என்று உள்ளூர் வி.ஏ.ஓ.விடம் போனாள்.

"எரிச்சது இங்க, சரி. உசுரு எங்க போச்சு?"

"மலையிலங்க."

"அப்ப மலையிலதான் எழுதணும். நான் எழுதினா என் வேல போயிடும்."

மலைக்கு பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டு வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால், மலை வி.ஏ.ஓ. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. 'ஐயா கீழ போயிருக்காரு' என்றார்கள். அடுத்த முறை போனபோதும் கீழேதான் போயிருந்தார். விசாரித்ததில் அவர் குடியிருப்பதே கள்ளக்குறிச்சியில் என்று தெரிந்தது. வீட்டு வாசலில் காத்துக் கிடந்து பிடித்தாள்.

"உங்க ஆளு செத்தத யாரும் வந்து என்கிட்ட சொல்லல. பொணத்தையும் நீங்களே தூக்கிக்கினு போயிட்டீங்க. நான் இன்னாத்த பார்த்து எழுதறது? தாலுக்கா ஆபீசுக்குப் போ" என்றார்.

தாலுக்கா ஆபீசில் மூத்த எழுத்தர் ஒருவர், அவள் முகத்தைப் பார்க்காமலே சட்டத்தைச் சொன்னார். தாமதமாகப் பதிய தாசில்தார் உத்தரவு வேண்டும். சாவைக் கண்ணால் பார்த்த சாட்சி நேரில் வர வேண்டும். எல்லாம் செத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நடக்க வேண்டும். "தாண்டிட்டா கோர்ட்டுதான், ஆமாம்."

வேடியப்பன் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்குத் தாசில்தார் முகாமில். மறுபடி வந்தார். அன்றைக்கு யாரோ பெரிய அதிகாரி வருகை. வேடியப்பனுக்கு டீ வாங்கிக் கொடுக்கும்போது பச்சையம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது.

"உங்கள இப்பிடி அலைய வுடறேனேண்ணா."

"எங்க வூட்டுலதான உசுரு போச்சு. நான் வராம யாரு வருவா?" என்றார் அவர்.

கடைசியில் புரட்டாசி பிறக்கிற வியாழக்கிழமை வரச்சொன்னார்கள். அதற்கு மறுநாளோடு வருஷம் முடிகிறது.

எண்பத்தேழாம் வருஷம் அது. தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கொதித்துக் கிடந்தது. அந்த வியாழக்கிழமை தொடங்கி ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தில் அறிவித்திருந்தார்கள். பச்சையம்மாளின் அண்ணன் சின்னதுரைதான் ஊரில் முன்னால் நின்றவர். புதன்கிழமை சாயங்காலமே வேடியப்பன் மலையிலிருந்து குறுக்குப் பாதையில் நடந்தே வந்து சேர்ந்துவிட்டார். விடிந்து இருவரும் ரோட்டுக்கு வந்தால் பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிளையோடும் காயோடும் விழுந்து கிடந்தது. அதன் மேல் சின்னதுரை உட்கார்ந்திருந்தார்.

"எங்க போற பச்ச? வூட்டுக்குப் போ. ஒரு வாரம் ஒண்ணும் ஓடாது."

"நாளையோட என் கெடு முடியுதுண்ணா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்காகவும்தான் உக்காந்துகினு இருக்கறோம். அந்த ஆபீசுல நம்மாளு ஒருத்தன் நாற்காலியில இருந்தா உன்ன இப்பிடி அலைய வுடுவானா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நம்மாளு நாற்காலிக்கு வர்றதுக்குள்ள என் கரும்பு காஞ்சிடும்ணா! அவரு செத்தப்ப நீதான கொள்ளிக்குப் பக்கத்துல நின்ன? ஒரு வார்த்த போய் எழுதி வச்சியா?"

சுற்றி நின்றவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்து அந்தப்பக்கம் வந்தாள். பின்னாலேயே வேடியப்பனும் வந்தார். கள்ளக்குறிச்சி வரைக்கும் நடை. வழியெல்லாம் மரம், கல், கூட்டம். செருப்பு அறுந்து கையில் எடுத்துக்கொண்டாள்.

ஆபீசில் பாதி நாற்காலி காலி. மூத்த எழுத்தர் இருந்தார்.

"தாசில்தார் பந்தோபஸ்துக்குப் போயிட்டாரும்மா. ஊரு இருக்கற இருப்புல உனக்கு சர்ட்டிபிகேட்டா? எல்லாம் அடங்கின பொறவு வா."

"நாளையோட வருசம் முடியுதுங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? கோர்ட்டுல பார்த்துக்க."

அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தாதவள் பச்சையம்மாள். அன்று கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். "செத்தவரே எழுந்து வந்து நான் செத்துட்டேன்னு சொன்னாதான் எழுதிக்குவீங்களா? இதோ மடியில போட்டுக் கொண்டாந்த மனுசன் நிக்கறாரு. இவர ஒரு வார்த்த கேட்டீங்களா இன்னைக்கு வரைக்கும்?"

வாசலை ஒட்டிய மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். தபால் வாங்கும் எழுத்தர் விஜயலட்சுமி, உள்ளூர்க்காரி என்பதால் வேலைக்கு வந்திருந்தாள்.

"மனு எழுதி வச்சிருக்கீங்களாம்மா? குடுங்க."

"ஐயா இல்லாத நேரத்துல ஏம்மா வம்பு?" என்றார் மூத்தவர்.

"சாட்சிய விசாரிக்கறதுதான் சார் ஐயா வேல. வந்த மனுவ வாங்கறது என் வேல." அவள் மனுவில் தேதி முத்திரையைக் குத்தி, எண் எழுதி, ஒரு ரசீதையும் கிழித்துக் கொடுத்தாள். "மனு வந்த தேதிதான் கணக்கு. வருசத்துக்குள்ள வந்திருக்குதுன்னு இதுல இருக்கும். பத்திரமா வச்சிக்குங்க."

பச்சையம்மாள் ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இத்தனை மாசமும் அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்திருக்கிறாள். முதல் நாளே மனுவை அங்கே கொடுக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சந்தோஷப்பட நினைத்தவளுக்கு வயிறுதான் எரிந்தது.

மறியல் முடிந்தது. வடக்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த சேதி வந்து ஊர் இருண்டு கிடந்தது. சின்னதுரையை மரம் வெட்டிய கேசில் பிடித்துக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பச்சையம்மாள் போய்ப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம் அவர் கேட்ட முதல் கேள்வி, "முத்திர வாங்கிட்டியாமே?" என்பதுதான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கோபம் இன்னும் போகவில்லை.

ரசீது மனுவைக் காப்பாற்றியது, கரும்பைக் காப்பாற்றவில்லை. தாசில்தார் மாறினார். வந்தவர் வேடியப்பனை விசாரித்தார். அது ஒன்றுதான் ஒரே நாளில் முடிந்தது. பிறகு அந்தக் காகிதக் கட்டு மலை வி.ஏ.ஓ.வுக்குப் போய், திரும்பி, மறுபடி போனது. மார்கழியில் கரும்பு பூத்துவிட்டது. இனிமேல் சக்கைதான் என்று வந்த விலைக்கு வெல்லக் கொட்டகைக்குத் தள்ளினாள்.

பங்குனியில் சான்று கைக்கு வந்தது. விஜயலட்சுமிதான் வாசித்துக் காட்டினாள். பேர், ஊர், இறந்த இடம் எல்லாம் சரி. வயது நாற்பத்திரண்டுக்குப் பதில் ஐம்பத்திரண்டு என்றிருந்தது.

"திருத்தலாம்மா. அதுக்குத் தனியா ஒரு மனு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பச்சையம்மாள் காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிவிட்டாள்.

"வேணாம்மா. இருக்கறபடியே இருக்கட்டும்."

அங்கிருந்து நேராக ஆலைக்குப் போனாள். கரும்பு ஆபீசர் பேரை மட்டும் பார்த்தார், வயதைப் பார்க்கவில்லை. அடுத்த நடவு பச்சையம்மாள் பேரில் பதிவானது. ஜெயிலிலிருந்து வந்த சின்னதுரை அந்த நடவுக்கு விதைக் கரணை வெட்டிக் கொடுக்க வந்து நின்றார். அவள் சோறு போட்டாள். அண்ணனும் தங்கச்சியும் பழையபடி பேசிக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.