முதுகில் ஒரு விளக்கு

விளக்கு என்பது போகிறவன் வழி பார்ப்பதற்கு — எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டார் அப்படித்தான் நம்பினார்கள். நானும் சேர்த்திதான்.

அந்த ஐப்பசியில் சேவூர்ப் பக்கத்து ஏரி நிரம்பி, அக்கரைக்குப் போகும் தரைப்பாலத்தை மூழ்கடித்துவிட்டது. அக்கரையில் என் நாத்தனார் வனஜா, கைக்குழந்தையோடு கடும் காய்ச்சலில் கிடந்தாள். டாக்டர் எழுதிய மாத்திரை ஆரணியில் இல்லை. வேலூரிலிருந்து அது பஸ்ஸில் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

என் கணவர் இரண்டு லாரி டியூப்களுக்குக் காற்றடித்து, மேலே பலகை வைத்துக் கட்டினார். படகு தயார். விளக்கு?

பெட்ரோமாக்ஸைத் தூக்கினார்.

"சூட்டுல டியூப் வெடிச்சா இன்னாடா பண்ணுவ?" என்றார் அத்தை, அவருடைய அம்மா.

சரி, மூன்று செல் டார்ச். அதைப் பொருத்த ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார்!

"பலகையத் தாண்டி ஆணி எறங்கினா ஏரிக்குத்தான் லாபம்" என்று அத்தை எங்கள் நெசவுத்தறியின் கயிற்றை நீட்டினார்.

கப்பல்களில் விளக்கு உயரத்தில் இருக்கும் என்று எப்போதோ நூலகத்தில் படித்திருந்தேன்; ஏன் என்று யோசித்ததில்லை. "ஏங்க, தலைக்கு மேல கம்புல கட்டுங்க. நாலா பக்கமும் தெரியணும்" என்றேன்.

"முதுகுக்கு எதுக்கு வெளிச்சம்? பின்னாடி யாரு வரப் போறா?" என்று சிரித்துவிட்டு, முன்பலகையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சிறிது தூரம்வரை தண்ணீரில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு... இல்லை.

"ஏம்மா, வெளக்கக் காணலியே!" அத்தை முழங்கால் நீரில் இறங்கிவிட்டார். மகன் தண்ணீரில், மகள் அக்கரையில். அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

"அணையல அத்தை. அவரு முதுகு மறைக்குது. போய்க்கினுதான் இருக்காரு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குரலில் இருந்த உறுதி என் மனத்தில் இல்லை. என் விளக்கம் சரியா என்று கேட்க அங்கே யார் இருந்தார்கள்?

ஒரு மணி நேரம் இருக்கும். ஏரியின் நடுவே ஒரு பொட்டு வெளிச்சம் முளைத்தது. அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது!

கரையேறியவர் எங்களைக் கண்டு திகைத்தார். "மாத்திரை குடுத்துட்டேன், கஞ்சி குடிச்சிக்கினு கீறா. இன்னாத்துக்கு ரெண்டு பேரும் தண்ணில நிக்கிறீங்க? நான் வெளிச்சத்தோடதான போனேன்?"

அத்தை அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "உனுக்கு வெளிச்சம் இருந்துச்சிடா. எங்களுக்கு?"

மறுநாள் மாலை மறுபடி அக்கரைக்குப் புறப்படுமுன் அவராகவே ஒரு மூங்கில் கம்பைப் பலகையில் நிறுத்திக் கட்டினார். உச்சியில், மேல்நோக்கிய டார்ச். அதன்மேல் கவிழ்த்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. நான்கு பக்கமும் பால்போல் வெளிச்சம். எதிலும் மோதாமல் போக உதவியதா, தெரியாது. அத்தை கரையில் உட்கார்ந்து நிம்மதியாக வெற்றிலை போட்டார்.

வெளியே கிளம்புகிறவர்கள் தங்களுக்கு வழி தெரிந்தால் போதும் என்றே நினைக்கிறார்கள். காத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

தண்ணீர் வடிய ஒன்பது நாள் ஆயிற்று. வனஜா எழுந்து நடமாடினாள்.

இப்போது அத்தை போய்விட்டார், பின்னர் என் கணவரும். வனஜா அக்கரையில் இருக்கிறாள். இக்கரையில் நான், போனவர்களின் வெளிச்சம் தெரியாமல்.