வாயில் மணமில்லாத ஞாயிறு

கொச்சிக்கடைச் சந்தியில் மண்மூட்டை அடுக்கியிருந்த காவலரணைக் குலசேகரம் இரண்டு வருடமாக ஒருநாளும் பயந்து கடந்ததில்லை. புறக்கோட்டையில் பௌஸி முதலாளியின் இரும்புக்கடையில் வேலை முடித்து, வழியில் சாராயத் தவறணைக்குள் நுழைந்து, பொழுதுபடுகிற நேரம் சுவரைப் பிடித்துப் பிடித்து வருவார். முன்னால் போகிற தமிழ்ப் பெடியன்களின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆமிக்காரர், இவரைக் கண்டதும் சிரிப்பார்கள். "ஆ, அப்பே பேபத்தா." எங்கள் குடிகாரன் வருகிறான் என்று அர்த்தம். தள்ளாடுகிறவன் குண்டு கொண்டுவர மாட்டான் என்பது அவர்கள் எண்ணம். அவருடைய அட்டையை யாரும் கேட்டதேயில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. மனைவியும் மகளும் ரொறன்ரோவில், மைத்துனர் வீட்டில். கடைசியாகக் கதைத்தபோது மகள், "அப்பா, குடிச்சிட்டுத்தானே கதைக்கிறியள்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை. அழுததில் நாக்குக் குழறியது, அவ்வளவுதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வெள்ளவத்தையில் குடியை விடுகிறவர்களின் கூட்டம் ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். எல்லாம் இங்கிலீஷ். கடைக்கடிதம் எழுதப் போதுமாயிருந்த இங்கிலீஷ், வெட்கத்தைச் சொல்லப் போதவில்லை. குட் ஈவினிங் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் அவர் இருந்த மாடி அறையின் வீட்டுக்காரி மாக்ரெட்தான் இன்னொரு கூட்டத்தைச் சொன்னாள்.

"என்ர தம்பி கிளெமென்றும் உங்களை மாதிரி றோட்டில கிடந்தவன்தான், அண்ணை. இப்ப தொடுறதில்லை. ஞாயிறு பின்னேரம் கொச்சிக்கடை வேதக்கோயில் மண்டபத்தில கூடுவினம். தமிழிலதான் கதைக்கிறது."

"நான் சைவக்காரன், பிள்ளை."

"சாராயம் என்ன, சைவமோ வேதமோ எண்டு பார்த்தே உங்களுக்குள்ள இறங்கினது?"

போனார். பிளாஸ்டிக் கதிரைகளில் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பிளேன்ரீ. அங்கே யாரும் யாருடைய பெயரையும் ஊரையும் கேட்பதில்லை. சந்திக்குச் சந்தி பெயரும் ஊரும் கேட்கிற கொழும்பில் அப்படியும் ஓர் இடம். இரண்டு ஞாயிறு வாயே திறக்காமல் இருந்துவிட்டு எழுந்தார். வாசலில் கிளெமென்ற் தோளைத் தொட்டு, "வாற கிழமை உங்களைப் பற்றி ஒரு வசனம் சொல்லுங்கோ, காணும்" என்றான்.

அந்தக் கிழமை முழுக்க அவர் குடிக்கவில்லை. வசனத்தை அறைச் சுவருக்குச் சொல்லிப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல் நடந்தார். குடி இறங்கிய உடம்பு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது.

காவலரணில் நின்ற இளம் ஆமிக்காரன் புதியவன். நடுங்குகிற கையைத்தான் முதலில் கண்டான். அட்டையை வாங்கி, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

"ரஸ்வீமகட்ட." கூட்டத்துக்கு.

சொன்ன பிறகுதான் பிழை விளங்கியது. அந்தக் காலத்தில் ஒரு தமிழன் காவலரணில் சொல்லக்கூடிய சொல்லா அது?

"என்ன கூட்டம்? யார் யார் வருகிறார்கள்?"

"பெயர் தெரியாது, மாத்தயா. அங்கே பெயர் கேட்பதில்லை."

கிளெமென்றின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

மண்மூட்டைக்குப் பக்கத்தில் இருத்தி வைத்தான். எதிரே தவறணை. உள்ளேயிருந்து பழைய கூட்டாளி ஒருவன் கையைக் காட்டிக் கூப்பிட்டான். ஒரு கால் போத்தல் உள்ளே போயிருந்தால் இந்நேரம் சிரித்து அனுப்பியிருப்பார்கள். இன்றைக்கு இவன் போக விட்டாலும், வருகிற ஞாயிறும் இதே வழிதானே. வெயில் இறங்கியது. கூட்டம் தொடங்கியிருக்கும்.

"மம பேபத்தெக்" என்றார் கடைசியில். நான் ஒரு குடிகாரன். "குடியை விடுகிற கூட்டம் அது, மாத்தயா."

"ஊது."

ஊதினார். அவன் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து மணந்து பார்த்தான்.

"மணமே இல்லை. பொய் சொல்கிறாய்."

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த வயதான கோப்ரலுக்கு ஆளை அடையாளம் தெரிய நேரமெடுத்தது. "இது எங்கள் பேபத்தா அல்லவா? இன்றைக்கு ஏன் குடிக்கவில்லை?"

"விட்டுவிட்டேன்."

கோப்ரல் சிரிக்கவில்லை. "என் அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மண்டபத்தில் கிளெமென்ற் மட்டும் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் போட்டினம், அண்ணை. இனி வரமாட்டியள் எண்டு நினைச்சன்."

"அந்த வசனத்தைச் சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?"

"ஆமிக்காரனுக்கு. சிங்களத்தில."

கிளெமென்றுக்குச் சிரிப்பு வந்தது. அடுக்கிலிருந்து இரண்டு கதிரையை இறக்கி எதிரெதிரே போட்டான். "இப்ப தமிழில சொல்லுங்கோ."

சொன்னார். வெறும் மண்டபத்தில் குரல் சுவரில் பட்டுத் திரும்பி அவரிடமே வந்தது. கிளெமென்ற் தலையை ஆட்டினான். பிறகு மண்டபத்தைப் பூட்டத் திறப்பை எடுத்துக்கொண்டான். அவனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை.

தவறணையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். பழைய கூட்டாளி மறுபடி கூப்பிட்டான். குலசேகரம் அந்தப் பக்கம் பார்க்காமல் காவலரணுக்குப் போய், கேட்கும் முன்னே அட்டையை நீட்டினார். இளம் ஆமிக்காரன் மற்றத் தமிழருடையதைப் போலவே அதையும் டோர்ச் வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாக வாசித்தான்: பெயர், பிறந்த இடம், படம். குலசேகரம் நடுங்குகிற கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளிக்காமல், நிமிர்ந்து நின்றார்.