ஓடற பாட்டுக்கு நடுவுல ஒரு குரல்

ஹெட்செட் ஒயர் இழுத்தா காது சுள்ளுனு வலிக்கும்... அந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கு.

கச்சிராயபாளையம் டேம் ரோட்டுல, விடியக்காலைல கரும்பு லாரி வர்றதுக்கு முன்னாடி, நானும் என் ஃப்ரெண்டு கவிதாவும் ஓடுவோம். போலீஸ் செலக்‌ஷனுக்குப் பிராக்டீஸ். ரெண்டு பேருக்கும் ஒரே ஹெட்செட். இடது காது அவளுக்கு, வலது எனக்கு. ஒருத்தி முந்தினா இன்னொருத்திக்குப் புடுங்கிக்கும்.

முந்தின தடவை நானூறு மீட்டர் ஓட்டத்துல ரெண்டே செகண்டுல கோட்டை விட்டிருந்தேன். இந்தத் தடவையும் போச்சுன்னா மறுபடி ஜவுளிக்கடைல சேலை மடிக்கணும்.

தப்பு பாட்டுலதான்னு கண்டுபிடிச்சவ கவிதா. நான் வச்சதெல்லாம் திருவிழா குத்துப்பாட்டு. முதல் நூறு மீட்டர் பறப்பேன், அப்புறம் நாக்கு தள்ளிடும்.

சங்கராபுரத்துல மெமரி கார்டுல பாட்டு ஏத்தற கடைக்குப் போனோம்.

"இன்னாத்துக்கும்மா பாட்டு?"ன்னார் கடைக்கார அண்ணன்.

"ஓடறதுக்குண்ணா. மெதுவா ஆரம்பிச்சு போகப் போக ஏறணும்."

"கல்யாணத்துக்குக் கேப்பாங்க, காதுகுத்துக்குக் கேப்பாங்க... ஓடறதுக்கு நீங்கதாம்மா மொத ஆளு!"

ஆனாலும் பொறுமையா உக்காந்து பிரிச்சுக் கொடுத்தார். உடம்பு சூடேற அம்மன் பாட்டு. ஓட, அளவான வேகத்துல ஒரு பாட்டு. லாங் ஜம்ப்புக்கு வெறும் பம்பை அடி. எல்லாம் முடிச்சு காலை நீட்டி உக்கார ஒரு பழைய மெலடி.

ஒரே தொல்லை... எல்லாப் பாட்டுக்கும் நடுவுல அவர் குரல் வரும். "பாட்டு ஏத்தணுமா... நம்ம கடைக்கு வாங்க!" அப்ப நிறைய கடைல அப்படித்தான் பதிஞ்சு கொடுப்பாங்க. எரிச்சலா வந்துச்சு. ஆனா ஓடற பாட்டுல அந்தக் குரல், கடைசி நூறு மீட்டர் ஆரம்பிக்கிற மதகுகிட்டதான் சரியா வந்துச்சு. அதையே சிக்னலா வச்சுக்கிட்டோம். அண்ணன் கூப்பிட்டா உயிரைக் கொடுத்து ஓடணும்.

செலக்‌ஷன் அன்னிக்கு போனை கேட்லயே வாங்கி வச்சுட்டாங்க. ரெண்டு காதும் காலி.

விசில் அடிச்சதும் மனசுக்குள்ளயே பாட்டைப் போட்டேன். நாலு பேர் முன்னால போயிட்டாங்க... நான் அவசரப்படல. கடைசி வளைவு. உள்ளுக்குள்ள அண்ணன் கூப்பிட்டார் பாருங்க, "நம்ம கடைக்கு வாங்க!"

கோட்டைத் தாண்டி விழுந்தேன். டைம் சொன்னதும் அழுதுட்டேன். பாஸ்!

இப்ப கல்வராயன் மலைல டியூட்டி. காதுல ஒயரே இல்லாத இயர்பட்ஸ். நடக்க, ஓட, ஜிம்முக்குன்னு ஆப்பே பாட்டைப் பிரிச்சுக் கொடுத்துடுது. நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா மேடு ஏறும்போது காலு எதுக்கோ காத்துக்கிட்டே இருக்கு...

தினம் காலைல ஓடறப்ப பாதி மேட்டுலயே நின்னுடறேன்னு போன வாரம் கவிதாகிட்ட சொன்னேன். அவளும் செலக்ட் ஆகி இப்ப சென்னைல இருக்கா. விழுந்து விழுந்து சிரிச்சா.

மறுநாள் காலைல பாதி மேட்டுல மூச்சு வாங்கி நின்னப்ப, அவகிட்டருந்து வாய்ஸ் மெசேஜ்.

"இன்னாடி நின்னுக்கினு இருக்க? பாட்டு ஏத்தணுமா... நம்ம கடைக்கு வா!"

உச்சி வரைக்கும் நிக்காம ஓடினேன்.