இஞ்சினுக்குப் படைத்த பொரி

பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகி எடுத்து, துவாரத்தருகே மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்கிறார் பஞ்சாலை அக்கா. எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பசாரில் மீன், தன் பள்ளிக்கூட வேனின் பிரேக், மழைக்கு முந்தைய காற்று, எல்லாமே மூக்கு வழியாகத்தான். "வார்னிஷ் நாத்தம்மா. இந்த பெட்ரோலு செத்துப் பல காலமாச்சு" என்று சொல்லிவிட்டு, உறிஞ்சி எடுக்க ரப்பர் குழாய் தேடிப் போகிறார்.

கார் ஒரு மோரிஸ் மைனர். லிங்கி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக, அவர் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. தோட்டத்தில் லாரி ஓட்டிய அவருடைய அப்பா, கணக்கெழுதி ஓய்வு பெற்றுப் போன கிராணியிடம் வாங்கியது. இரண்டே கதவுகள். பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கி நுழைய வேண்டும்.

"அந்தப் பின்சீட்டு எனக்கு நல்லாத் தெரியும்" என்கிறார். "அண்ணன் இதுலதான் வண்டி பழகுனாரு. நான் கேட்டா, பொம்பளப் புள்ள பின்னால ஒக்காருன்னுவாங்க. அண்ணன் பிடரியப் பாத்தே வளந்தேன்."

பிறகு அவர் மோட்டர் சைக்கிள் ஓட்டினார், மண் லாரி ஓட்டினார், இப்போது வேன் ஓட்டுகிறார். இதை மட்டும் ஓட்டியதில்லை. அப்பா இறந்தபோது கார் இங்கேயே நின்றுவிட்டது. சாவி அண்ணன் தர்மேந்திரனோடு அம்பாங்கானுக்குப் போய்விட்டது.

அந்த அண்ணன் இப்போது காருக்கு ஆள் பிடித்துவிட்டார். சிரம்பானில் காப்பிக்கடை திறக்கப்போகும் ஒரு தவுக்கே, சீன முதலாளி, அதை வாசலில் நிறுத்தி வைப்பாராம். வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம். பஞ்சாலை ஒப்பவில்லை. வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் அண்ணன் சாவியைக் கொடுத்தனுப்பி ஒரு கெடுவும் வைத்தார்: "ஞாயித்துக்கெழம வர்றேன். கொட்டகையிலேர்ந்து முனியாண்டி கோயில் வரைக்கும் அதுவா ஓடுனா ஒனக்கு. யாராச்சும் தள்ளுனா தவுக்கேவுக்கு."

நான் பக்கத்து வீடு. நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி, அம்மா வீட்டில் கால் நிலைகொள்ளாமல் இருந்தவள். டார்ச் பிடிக்கிறேன் என்று போய் ஒட்டிக்கொண்டேன். "வா வா. நீ நிக்க மாட்டேங்கிற, இது ஓட மாட்டேங்குது. ரெண்டையும் ரிப்பேர் பண்ணுவோம் லா" என்றார்.

அவர் பேச்சில் கார் 'இது'. இஞ்சின் மட்டும் 'அவரு'. இஞ்சினுக்கு ஆயுத பூஜை தவறியதே இல்லை. மற்றவர்கள் வண்டிக்கு மேலே பொட்டு வைத்துப் படைப்பார்கள். பஞ்சாலை பானெட்டைத் திறந்து, இஞ்சின் மேலேயே வாழையிலைத் துண்டில் பொரியும் கடலையும் வெல்லமும் வைத்து மூடிவிடுவார். "பூஜ இஞ்சினுக்கா, பெயிண்டுக்கா?" படைத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாது என்பது அவராகவே வைத்துக்கொண்ட சட்டம். மறு ஆண்டு திறந்தால் காய்ந்த இலையில் ஒரு பொரிகூட இருக்காது. அவருக்கு அதில் பெரிய திருப்தி.

பேட்டரிக்குப் பின்னால் நான் டார்ச் அடித்தபோது பஞ்சும் சருகும் பொரியுமாக ஒரு கூடு தெரிந்தது. எலிகள் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. போகுமுன் ஒயர்களை எல்லாம் கடித்துத் துப்பியிருந்தன.

அண்ணனிடம் போனில் மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கச் சிரிப்பு எனக்கே கேட்டது. "எலிக்கு வருசா வருசம் விருந்து வச்சிருக்க! நீயே கொன்னுட்ட. தவுக்கேகிட்டப் பேசிடவா?"

"ஞாயித்துக்கெழம இன்னும் வரலண்ணே."

போனை வைத்தபின் கூட்டிலிருந்து ஒரு பொரியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "சாமிதான் சாப்புடுதுன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். மறுநாளே பழைய லாரி ஒன்றிலிருந்து உருவிய ஒயர்களோடு வந்தார். எல்லாம் ஒரே சிவப்பு. எது எங்கே போகிறதென்று தெரிய, வேனில் பிள்ளைகள் விட்டுப்போன முடி ரிப்பன்களை ஒயருக்கொரு நிறமாகக் கட்டினார். விளக்குக்கு மஞ்சள், ஹாரனுக்கு ஊதா. பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிரேக்குக்கு ரப்பர் மாற்றினார். "ஓடுறது அப்பறம். மொதல்ல நிக்கத் தெரியணும்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

புதுப் பேட்டரியை மாட்டிய மாலை, காரின் கதவுக்குப் பின்னாலிருக்கும் தூணிலிருந்து சின்னக் கை போன்ற ஆரஞ்சுக் குச்சி ஒன்று மெதுவாக வெளியே நீண்டது. வலப்பக்கம் திரும்புவதற்கான சமிக்ஞையாம். பஞ்சாலை அதைத் தொடவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார்.

ஞாயிறன்று தர்மேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். முன்பக்கம் இஞ்சினைக் கிளப்பும் ஹேண்டலைப் போட்டுச் சுற்றினார் பஞ்சாலை. இஞ்சின் இருமியது, அடங்கியது. மறுபடி இருமியது, அடங்கியது.

"தள்ளவா?"

"கைய வச்சீங்கன்னா தவுக்கே ஜெயிச்சிருவாரு. எட்டி நில்லுங்கண்ணே."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றினார். கொட்டகை முழுக்கப் புகை. தகரம் அதிர்ந்தது. "அவரு எந்திரிச்சிட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் உள்ளே ஏறினார். கருகிய பொரி வாசம் எனக்குக்கூட வந்தது. கார் செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. நான் பின்னால் ஓடினேன். மேட்டில் ஒருமுறை திணறி, பின்வாங்கப் பார்த்து, ஏறிவிட்டது.

முனியாண்டி கோயில் முன் கார் நின்றது. இஞ்சினை அவர் அணைக்கவில்லை. தர்மேந்திரன் வியர்க்க வியர்க்க நடந்து வந்து சேர்ந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு, பழக்கத்தில், டிரைவர் பக்கம் போய்க் கதவில் கை வைத்தார். "சரி, எறங்கு. திரும்பிப் போறப்ப நான் ஓட்டுறேன்."

பஞ்சாலை இடப்பக்கம் எட்டிச் சாய்ந்து, அந்தக் கதவைத் திறந்து, முன்சீட்டை மடக்கிப் பிடித்தார்.