பிளாஸ்டிக் கூடும் பலாப்பலகையும்

என் கணவர் இருபத்தெட்டு வருடம் கண்டியிலிருந்து பஸ் ஓட்டினார். ஐம்பத்தேழாவது வயதில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பாரிசவாதம் என்றார்கள். பேராதனை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து வீடு திரும்பியபோது வலக் கையும் வலக் காலும் அவருடையவை மாதிரி இல்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பொல்லைப் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தது. கை வரவில்லை.

"ஸ்டியரிங் புடிச்ச கை போயிருச்சி, கியர் போட்ட கை மட்டும் தான் மிச்சம்" என்று பார்க்க வருபவர்களிடம் சொல்வார். முதல் சில மாதம் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். பிறகு அதைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

எங்கள் வீடு பிலிமத்தலாவையில், பெரிய ரோட்டிலிருந்து மேலே ஏறும் சரிவில் இருக்கிறது. பின் கதவைத் திறந்தால் ஐந்து படி. படிக்குக் கீழே சின்ன வளவு, ஒரு பலா மரம், துணி துவைக்கும் கல், குழாய். மகன் கட்டாரில் வேலை செய்கிறான். நான் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கினால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவேன். அவ்வளவு நேரமும் அவர் தனியாக இருப்பார். மதியச் சோற்றை ஒரு கையால் திறக்கக்கூடிய மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போவேன். அந்தப் பாத்திரத்தைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். அப்படி எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு இருந்தது.

கிளினிக்கில் அவருக்கு உடற்பயிற்சி கொடுக்கும் சிங்களப் பிள்ளை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் அவருக்கு ஏதாவது கை வேலை கொடுங்கள், சும்மா உட்கார வைக்காதீர்கள் என்று சொன்னாள். பயற்றங்காய் நறுக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, "இது எனக்கு வேல இல்ல, உனக்கு ஆறுதல்" என்றார்.

கோழிகள் வந்தது அந்த நேரத்தில்தான். என்னோடு வேலை செய்த ஒருவர் ஓய்வு பெற்று மகளோடு இருக்கக் கொழும்புக்குப் போனார். போகும்போது தன் ஏழு நாட்டுக்கோழிக் குஞ்சுகளையும் என்னிடம் தந்தார். குஞ்சு என்றாலும் இரண்டு மாதம் தாண்டியவை. பழைய டீவி வந்த அட்டைப் பெட்டியில் அவற்றைக் கொண்டுவந்து பின் கதவடியில் வைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே கேட்டார்.

"இதுங்களுக்கு ஒரு கூடு வேணும்" என்றார். "பழைய கட்டில் பலக பின்னுக்குக் கெடக்கு தானே. பலா பலக. நான் செஞ்சிர்றேன்."

"எப்படிச் செய்வீங்க?"

"மெதுவா."

அவர் ஏதோ ஆசையில் பேசுகிறார், இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு மாலை வேலையால் வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. கூப்பிட்டேன், பதில் வரவில்லை. பின்பக்கம் ஓடினேன். படிக்குக் கீழே வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். நீட்டிய காலால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடக் கையால் மரவாளை இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார். வாள் வழுக்கி வலக் கணுக்காலில் கிழித்திருந்தது. வலப் பக்கம் உணர்ச்சி குறைவென்பதால் அது அவருக்குத் தெரியவே இல்லை. செருப்பு முழுக்க இரத்தம். அரை அடி தூரம் வெட்டியிருந்தார். என்னைக் கண்டதும், "பாரு, நேரா வந்திருக்கு" என்றார்.

நான் வாளைப் பிடுங்கினேன்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா? விழுந்து கெடந்தா யாரு தூக்குவா? நான் வேலைக்குப் போகவா, உங்களப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

தூக்கி நிறுத்தி, காலைக் கழுவிக் கட்டுப் போட்டேன். வாளை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இனி நான் இல்லாதபோது அந்தப் படியில் இறங்கக் கூடாது என்று சொன்னேன். சின்னப் பிள்ளையிடம் சொல்வது போலத்தான் சொன்னேன்.

மகனுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கிருங்க. கழுவ லேசு. மரம்னா நம்ம ஊரு மழைக்கு உக்கிப் போயிரும்" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மரக்கூட்டின் இடுக்கில் செள்ளுப்பூச்சி குடியேறும், எச்சம் ஊறி மணக்கும், அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சுரண்டிக் கழுவுவது நான்தான். பிளாஸ்டிக் என்றால் குழாயைத் திறந்து விட்டால் போதும். காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் பலகை பக்கமே அவர் போகக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம்.

அடுத்த சனிக்கிழமை ரோட்டுக் கடை ஒன்றுக்குப் போனேன். முதலாளி வயதான முஸ்லிம் மனிதர். மரக்கூடும் இருந்தது, பிளாஸ்டிக் கூடும் இருந்தது. எது நல்லது என்று கேட்டேன்.

"ரெண்டுலயும் நல்லதும் ஈக்கி, கெட்டதும் ஈக்கி" என்றார். "மரத்துல காத்து நல்லா வரும், ஆனா பூச்சி புடிக்கும். பிளாஸ்டிக் சுத்தம், பாரமும் இல்ல. ஒண்டு மட்டும், வெயில்ல வைக்க வாணாம். அடுப்பு மாதிரி ஆகிரும்."

தலையாட்டினேன். திரீவீலின் பின்னால் கூட்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பச்சை நிறம், சிவப்புக் கூரை, பக்கத்தில் காற்றுக்குச் சின்னச் சின்னத் துளைகள். கதவின் இரண்டு பக்கமும் கிளிப். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் கதவு மேலே தூக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. கீரியாலோ நாயாலோ திறக்க முடியாது.

அவர் பின் கதவில் நின்று பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்விட்டார்.

பலா மரத்தடி எப்போதும் சேறு. அதனால் கூட்டைக் குழாயடியில், சீமெந்துத் தரையில் வைத்தேன். அது ஜனவரி. காலையில் பனி, பகலிலும் குளிர்ந்த காற்று. கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வர ஒரு காரணமும் இருக்கவில்லை.

முதலில் பகலில் கோழிகளைத் திறந்து விடுவேன். ஒருநாள் இரண்டு தெரு நாய்கள் வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போயின. அவர் மேல் படியில் நின்று பொல்லைச் சுவரில் தட்டிச் சத்தம் போட்டாராம். நாய்கள் திரும்பியும் பார்க்கவில்லையாம். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகும்போது ஆறு கோழிகளையும் உள்ளே வைத்து மூடிவிட்டுப் போக ஆரம்பித்தேன். ஐந்தரைக்கு வந்து திறப்பேன். அவை கூட்டிலிருந்து இறங்கி, இறக்கையை நீட்டி, அவர் மேலிருந்து எறியும் சோற்றைக் கொத்தும். அந்த அரை மணி நேரம் அவர் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

மார்ச் மாதக் கடைசியில் வழக்கம் போலப் பகலில் கொடும் வெயிலும் மாலையில் இடியோடு மழையும் தொடங்கின. சாரல் துளை வழியாக உள்ளே அடித்ததால், ஒரு மாலை பொலித்தீன் தாள் ஒன்றை எடுத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் காலை எழும்பப் பிந்திவிட்டது. அவருக்கு மருந்து கொடுத்து, சோறு கட்டி வைத்து, பஸ்ஸுக்கு ஓடினேன். பொலித்தீனை அவிழ்க்கவில்லை.

அன்று நான் வந்தபோது அவர் வீட்டுக்குள் இல்லை. வளவில், கூட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்த சாரம் முழுக்க மண். பொலித்தீன் கிழிந்து ஒரு பக்கம் கிடந்தது. கூட்டின் ஒரு மூலை உடைந்திருந்தது. பக்கத்தில் துவைக்கும் கல்லடியில் கிடக்கும் பெரிய கருங்கல். இரண்டு கோழிகள் குழாயடி ஈரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. மற்ற நான்கும் உள்ளே கிடந்தன.

பதினொரு மணி போல அவற்றின் சத்தம் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கிறார், அங்கே யாரும் இல்லை. எனக்குப் போன் எடுத்திருக்கிறார். நான் கூட்டத்தில் இருந்தேன், சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். மூன்று அழைப்புகள். மாத்திரைக்குப் பணம் கேட்பார், அல்லது கேஸ் முடிந்திருக்கும் என்று நினைத்துப் பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு அவர் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து கீழே இறங்கியிருக்கிறார்.

"தாளப் பல்லால கிழிச்சேன்" என்றார். "கதவு தான் வரல்ல. ஒரு பக்கம் அமுக்கினா மத்தப் பக்கம் பூட்டிக்கிது. அதுக்கு ரெண்டு கை வேணும்."

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாடியால அமுக்கிப் பாத்தேன். சறுக்குது. பெறகு தான் கல்ல எடுத்தேன். அதுக்குள்ள ஒண்ணு ஒண்ணா சத்தம் கொறைஞ்சிருச்சி. எத்தன மிச்சம்னு சத்தத்த வச்சே எனக்குத் தெரிஞ்சிச்சி."

அவர் முகவாயில் தோல் உரிந்திருந்தது. உள்ளங்கையும் கிழிந்திருந்தது. உயிரோடிருந்த இரண்டையும் வெளியே எடுத்த பிறகு அவரால் படி ஏற முடியவில்லை. நான் வரும்வரை நான்கைந்து மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறார். சோற்றுப் பாத்திரம் மேசையில் திறக்காமல் இருந்தது.

மழை தொடங்குவதற்குள் அவரை மேலே ஏற்றினேன். பிறகு கீழே வந்து, பலா மரத்தடியில் குழி வெட்டி நான்கையும் புதைத்தேன். இறகுக்குள் அப்போதும் சூடு இருந்தது. உயிரின் சூடு இல்லை, கூட்டின் சூடு.

அதற்குப் பிறகு நான் தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு அதே கட்டில் பலகையில் ஒரு கூடு செய்வித்தேன். கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள், இடது பக்கம் இழுத்தால் திறக்கும். அவர் அறுத்து வைத்திருந்த பலகையை எடுத்து பாஸ், "இது யாரு வெட்டினது, கோணல்" என்று சொல்லி மறுபடி நேராக வெட்டினார். ஜன்னலுக்குப் பின்னால் என் கணவர் இருந்தார். கேட்டதா இல்லையா என்று தெரியாது. கூடு முடிந்ததும் வந்து பாருங்கள் என்றேன். "கால் வலிக்குது" என்றார். தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள் என்றேன். "நீ பாத்தா போதும்" என்றார்.

அவர் சோறு எறிவதையும் நிறுத்திவிட்டார். கிளினிக்குக்கு இரண்டு தடவை போகவில்லை. மூன்றாம் தடவை நான் வற்புறுத்தவில்லை. கடைக்காரர் சொன்னது போலவே மரக்கூட்டில் செள் வந்தது. இருந்த இரண்டில் ஒன்று இளைத்துச் செத்தது. மற்றது இன்னும் இருக்கிறது, எப்போதாவது முட்டையிடும். அதை அவர் சாப்பிட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். எத்தனையோ மாதமாகக் கேட்க நினைத்துப் பயந்திருந்த கேள்வி.

"அந்தக் கதவு ஒரு கையால திறக்காதுன்னு அன்னைக்கே ஏன் நீங்க சொல்லல்ல?"

அவர் வெட்டி முடித்த நகங்களைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கே தெரியாது" என்றார். "நான் அத தொட்டுப் பாக்கல்ல தானே. அன்னைக்குத் தான் தெரிஞ்சிச்சி."

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவருக்கும் தெரியாது என்றால் நான் மட்டும் எப்படி அறிந்திருக்க முடியும் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. ஆனால் அவர் பேசி முடித்திருக்கவில்லை.

"நான் செஞ்சிருந்தா அது ஒரு கையால தொறக்கிற கதவா தான் இருந்திருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. "வேற மாதிரி செய்ய எனக்கு ஏலாதே."

நான் அவருடைய மற்றக் கையை எடுத்து மடியில் வைத்தேன். பெருவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக வெட்டினேன். அவர் முகத்தைத் திருப்பி ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கண்டிக்குப் போகும் பஸ் ஒன்று ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. நகத்துண்டுகளைத் தாளில் கூட்டி எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன்.