பெரிஸ்கோப்பில் தெரிந்த சின்னப் பாண்டி

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்று வருஷப் பழக்கம்தான். பிறகு மனஸ்தாபம் வந்து பிரிந்துவிட்டோம். தப்பு இரண்டு பக்கமும் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். சாமி படத்துக்குச் சட்டம் போடுவது, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுப்பது, இதுதான் வேலை. கை சுமாராக வேலை செய்யும். வாய் ஓவர்டைம் பார்க்கும்.

மலையாளிகள் தமிழனைக் கேலியாகப் பாண்டி என்பார்கள். வந்த புதிதில் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் கோபம் வந்தது. கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் அதை நானே எடுத்துக்கொண்டேன். மலையாளம் எனக்கு ஓரளவு நன்றாகவே வரும். ஆனாலும் வேண்டுமென்றே உடைத்து உடைத்து, கையைக் காலை ஆட்டிப் பேசுவேன். "சாரே, கண்ணாடி முதல் தரமாக்கும். முகம் மட்டும் நீங்க கொண்டு வரணும். பாண்டிக்கு முகம் செய்ய அறியாது" என்பேன். வாங்க வந்தவர் சிரிப்பார், முதலாளி சிரிப்பார். பிழைக்கத் தெரிந்தவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மகள் அங்கேயே பிறந்தவள். அவள் மலையாளம் பேசினால் தமிழ்ப் பிள்ளை என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. தொண்ணூறுகளின் கடைசி அது, அவள் ஆறாம் கிளாஸ். மணக்காட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாயனசாலை உண்டு. நம் ஊரில் படிப்பகம் என்போமே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஏதாவது செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு காலேஜ் டீச்சர் நடத்தினார். ஊசி மருந்துக் குப்பி, சைக்கிள் கம்பி, தீப்பெட்டி என்று குப்பைக்குப் போக வேண்டியதெல்லாம் அங்கே போகும். மகள் ஒரு ஞாயிறும் விடமாட்டாள். ஒரு நாள் வந்து, எலுமிச்சம்பழத்தில் கரண்ட் எடுத்தோம் என்றாள். "அப்போ இந்த மாசம் கரண்ட் பில்லை ஊறுகாய்க்காரன்ட்ட கட்டுவோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எந்தக் கம்பி செம்பு, எந்த ஆணி துத்தநாகம் என்று பொறுமையாக எனக்குச் சொன்னாள்.

பெரிஸ்கோப்பு செய்கிற வாரம் வந்தது. நீளமான அட்டைக் குழாய்க்குள் மேலே ஒரு கண்ணாடி, கீழே ஒரு கண்ணாடி, இரண்டும் சாய்வாக. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே அந்தப் பக்கம் பார்க்கலாம். இருபது பிள்ளைக்கு நாற்பது துண்டு வேண்டும். அப்பா தருவாங்க என்று மகள் டீச்சரிடம் சொல்லிவிட்டாள். அறுத்து மிச்சம் விழுந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளை எடுத்துக்கொள்ள முதலாளியும் சம்மதித்தார்.

"நீங்க கடையிலேயே அறுத்துத் தந்தாப் போதும்ப்பா. நான் கொண்டு போய்க்கிடுவேன்" என்றாள்.

"கையைக் கிழிச்சுக்கிடுவ மக்ளே. நான் வந்து அங்க வச்சே அறுத்துத் தாரேன்."

"ஓரத்தைக் கல்லுல தேச்சுட்டா எப்படிக் கிழிக்கும்?"

"எப்படி அறுக்குதாங்கன்னு பிள்ளைங்களும் பாக்கட்டும்ட்டி."

"வந்தா வேலை மட்டும் பாப்பீங்களா?"

"பின்ன, டான்ஸா ஆடப்போறேன்" என்றேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று புரியவில்லை என ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதே புரிந்தது. ஆனால் காலேஜ் டீச்சர் முன்னால் என் வேலையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி அறுக்கிற டைமண்டை மண்ணெண்ணெயில் தொட்டு, ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. கீழே லேசாக ஒரு தட்டு. கண்ணாடி பிஸ்கட் மாதிரி இரண்டானது. இருபது பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். போட்ட கோட்டிலேயே இரண்டாம் தடவை இழுக்கக் கூடாது, கண்ணாடி கோணலாகப் போய்விடும் என்றேன். அதுவரை நல்ல மலையாளத்தில்தான் பேசினேன். டீச்சர் ஆர்வமாகக் கேட்டார்: "அது எந்தா சேட்டா காரணம்? ஏன் ரெண்டாமது போடக் கூடாது?"

பிள்ளைகள் பென்சிலும் நோட்டுமாக நிமிர்ந்து பார்த்தார்கள். பதினைந்து வருஷமாகக் கண்ணாடி அறுக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. தெரியாது என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். மகளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லாத இடத்தில் என் வாய் தானாகத் திறக்கும்.

"டீச்சரே, அதெல்லாம் படிச்ச கண்ணாடிக்கு. இது பாண்டிக் கண்ணாடியாக்கும். ரெண்டாமது தொட்டா கோபம் வரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு, சாராயம் மாதிரி. அறுத்த துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துத் திடுக்கிட்டேன். "அய்யோ, இதுக்குள்ள ஒரு பாண்டி. டிக்கெட் எடுக்காம ஏறிட்டான். எறக்கி விடுங்க."

"அங்கிள் பாண்டியாணோ?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான்.

"ஆணு மோனே, அசல்" என்று தலையாட்டினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சர்கூட, சரி, இனி வேலை நடக்கட்டும் என்றார். துண்டுகளை வாங்கிப் பிள்ளைகள் ஒட்ட ஆரம்பித்தார்கள். முதலில் செய்து முடித்தவள் என் மகள்தான். ஜன்னல் பக்கம் போய், மதிலுக்கு அந்தப் பக்கம் பலா மரத்தில் கட்டியிருந்த நாயைப் பெரிஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறொரு பையன் செய்ததை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குழாயை மட்டும் மேலே தூக்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். இங்கே ஒரு மலையாளி, அங்கே ஒரு மலையாளி என்று சொல்லிக்கொண்டே வந்து ஜன்னலில் நிறுத்தினேன்.

"தோ, ஒரு பாண்டி. சின்னது. என்னோடது."

ஹாலே சிரித்தது. அவள் பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "நீயும் பாண்டியா? இதுவரை சொல்லவே இல்லல்லோ."

மகள் கண்ணிலிருந்து பெரிஸ்கோப்பை எடுக்கவில்லை. அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். வெயிலுக்காக வேகமாகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, நல்ல மழை. குடை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனேன். வாயனசாலை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். கம்பியை வளைத்து சோப்புத் தண்ணீரில் முக்கி, விதவிதமாகக் குமிழி எடுக்கிற பாடம் போல. பிள்ளைகள் வட்டமாக நிற்க, நடுவில் என் மகள். கையைக் காலை ஆட்டிக்கொண்டு, உடைந்த மலையாளத்தில், "சாரே, கண்ணாடி வேணோ சாரே. முகம் நீங்க கொண்டு வரணும்" என்கிறாள். என் இழுப்பு, என் தோள் குலுக்கல், எல்லாம் அச்சாக இருந்தது. என்னைவிட நன்றாகச் செய்தாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுடைய கம்பி பாதி வளைந்தபடி மேசையில் கிடந்தது.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். "அச்சனைப் போலத்தான். நல்ல தமாசு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் குடையை முகத்துக்குத் தாழ்த்திக்கொண்டேன்.

ஒரே குடையில் நடந்தோம்.

"யாரு மக்ளே உன்னை அப்படிச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பின்ன?"

"பிள்ளைங்க என்னைக் கேலி செஞ்சா ரொம்ப நேரம் செய்யுதாங்க. நானே செஞ்சா சீக்கிரம் முடிஞ்சிருது. பெறகு வேலை பாக்க விட்டுருவாங்க."

கொஞ்ச தூரம் போனோம். "இன்னைக்கு உன் கம்பி பாதியிலேயே கெடந்துச்சே" என்றேன்.

"இன்னைக்கு ஒன்ஸ் மோர் கேட்டுட்டாங்க."

"அடுத்த வாரம் நான் வந்து அந்தப் பிள்ளைங்கட்ட பேசுதேன்."

"வராதீங்கப்பா. உங்களப் பாத்தாலே சிரிப்பாங்க."

தப்பு செய்துவிட்டேன் மக்ளே என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு நுனியில் வந்து நின்றதோ ஒரு தமாசு. அதை விழுங்கினேன். விழுங்கியபோது மன்னிப்பும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

மறுநாள் கடையில் ஒரு சார் நிலைக்கண்ணாடி பார்க்க வந்தார். "அந்த முகம் விஷயத்தைச் சொல்லு" என்றார் முதலாளி. மறந்துவிட்டது என்றேன். காய்ச்சலா என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவளைத் தெருமுனை வரை கொண்டுவிட்டேன். அங்கேயே நில்லுங்கள் என்று கையால் காட்டிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எதற்கும் சிரிப்பார்கள், ஏதாவது சரிந்து விழுந்திருக்கும், டீச்சரே ஏதாவது சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபது அடிதான் இருக்கும். நான் போகவில்லை.